ஈன்று நாலரை மாதமாகியும் பருவத்துக்கு வராத பசு

கேள்வி: எங்களிடம் ஒரு ஜெர்சி கலப்பினப் பசுவும், அதன் இரண்டாம் ஈத்தில் பிறந்த கிடாரியும் இருக்கின்றன. பசு மூன்றாம் ஈத்தில் காளைக்கன்று போட்டு நாலரை மாதம் ஆகிறது. ஆரம்பத்தில் 12 லிட்டர் கறந்தது, இப்போது 9 லிட்டர். கன்று இன்னும் ஊட்டுகிறது. பசு பருவத்துக்கே வரவில்லை. கிடாரிக்கு 26 மாதம் ஆகிறது, அதுவும் ஒருமுறைகூடக் கத்தவில்லை. இரண்டுக்கும் இரண்டு தடவை பருவ ஊசி போட்டும் பலனில்லை. பசுவுக்கு வைக்கோல், வரப்புப் புல், 2 கிலோ தவிடு, 1 கிலோ கடலைப் புண்ணாக்கு. கிடாரிக்கு வைக்கோலும் புல்லும்தான். கிடாரியை டேப் வைத்து அளந்தேன்: நெஞ்சுச் சுற்று 52 அங்குலம், நீளம் 43 அங்குலம். பயிற்சி வகுப்பில் ஒருவர், "கோளாறு கருப்பையில் இல்லை, மூளையில்" என்றார். தீவனத்துக்கும் மூளைக்கும் சினைக்கும் என்ன சம்பந்தம்? வீட்டுக்காரர் இரண்டையும் விற்றுவிடலாம் என்கிறார்.
- ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் வீட்டில் சொல்லுங்கள், இப்போதைக்கு எதையும் விற்க வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இரண்டு மாடுமே மலடு மாதிரித் தெரியவில்லை. இரண்டும் ஒரே காரணத்துக்காகக் காத்திருக்கின்றன என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்துக்குள்ளேயே ஒரு கணக்கு இருக்கிறது. கிடாரிக்கு 26 மாதம், காளைக்கன்றுக்கு நாலரை மாதம். அப்படியானால் இரண்டு ஈத்துக்கும் நடுவே இருபத்தொன்றரை மாத இடைவெளி. பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள், அதாவது ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல். அதைக் கழித்தால், போன முறையும் இந்தப் பசு ஈன்று ஒரு வருஷம் கழித்துத்தான் சினைப்பட்டிருக்கிறது. ஆகவே இது இந்த ஈத்தில் புதிதாக வந்த கோளாறு இல்லை. தொழுவத்தில் வருஷக்கணக்காக நடந்துவருகிற ஒன்று.

பயிற்சி வகுப்பில் சொன்னது சரிதான். ஆனால் மூளையில் "கோளாறு" என்பதை மட்டும் நான் மாற்றிச் சொல்வேன். மூளை தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. இந்த உடம்பில் இன்னொரு உயிரைச் சுமக்கச் சத்து இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்பதால் கதவைச் சாத்தி வைத்திருக்கிறது.

எப்படிப் பார்க்கிறது என்று கேட்டீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் எந்த ஊசி எப்போது வேலை செய்யும், எப்போது வீண் என்பதும் புரிந்துவிடும்.

மூளையின் அடிப்பக்கத்தில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறிய பகுதி இருக்கிறது. பசி, தாகம், உடல் சூடு, வளர்ச்சி, இனப்பெருக்கம் எல்லாவற்றுக்கும் அதுவே தலைமையிடம். அங்கே உள்ள சில ஆயிரம் நரம்பணுக்கள் மட்டும் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. வெறும் பத்து அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி அது. ஷாலி, கில்லெமின் என்ற இரு விஞ்ஞானிகளின் குழுக்கள் பன்றி, செம்மறி ஆடுகளின் மூளைத் துண்டுகளை லட்சக்கணக்கில் சேகரித்துப் பிரித்து, 1971-இல் அதன் அமைப்பைக் கண்டுபிடித்தன. 1977-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கால்நடை மருத்துவர்கள் இன்று போடுகிற பருவ ஊசிகளில் ஒன்று இதே ஹார்மோனின் செயற்கை வடிவம்தான்.

இந்த ஹார்மோன் குழாய்த் தண்ணீர் மாதிரி ஒரே சீராக வருவதில்லை. நாடித்துடிப்பு போல விட்டு விட்டு வரும். ஒவ்வொரு துடிப்பும் மூளைக்குக் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டும், அதுவும் பதிலுக்கு எல்.எச். என்ற ஹார்மோனை ஒரு துடிப்பு ரத்தத்தில் விடும். 1970-களின் கடைசியில் எர்ன்ஸ்ட் நோபில் என்ற ஆய்வாளரின் குழு குரங்குகளில் இதைச் சோதித்தது. மணிக்கு ஒருமுறை ஜி.என்.ஆர்.எச். கொடுத்தால் பிட்யூட்டரி வேலை செய்தது. அதே ஹார்மோனை இடைவிடாமல் செலுத்தினால் படுத்துவிட்டது. முக்கியம் அளவு மட்டுமில்லை, தாளமும்தான்.

பசுவுக்கு வருவோம். சினைப்பையில் முட்டை வளரும் நீர்க்கொப்புளம் முழுதாகப் பழுத்து வெடிக்க வேண்டுமானால், எல்.எச். ஏறத்தாழ மணிக்கு ஒரு துடிப்பாவது வர வேண்டும். வயிறும் உடம்பும் வற்றிய மாட்டில் அது மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒன்றாகக் குறைந்துவிடும். அந்த மாட்டிலும் கொப்புளம் வளரத்தான் செய்யும். ஆனால் பாதி வழியில் சுருங்கிப்போகும், அடுத்தது கிளம்பும், அதுவும் சுருங்கும். கொப்புளம் பழுக்காததால் அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன் ஏறாது. ஈஸ்ட்ரோஜன் ஏறாத மாடு கத்தாது, சளி ஒழுக்காது, அடுத்த மாட்டின் மேல் தாவாது. வெளியே இருந்து பார்க்கிற நமக்கு "பருவத்துக்கே வரவில்லை" என்று மட்டும்தான் தெரியும்.

அப்படியானால் தீவனம் பற்றிய செய்தி அந்த நரம்பணுக்களுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?

1994-இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டறிந்தது. உடம்பின் கொழுப்பே அதைச் சுரக்கிறது. கொழுப்பு எவ்வளவு இருக்கிறதோ, அதற்கேற்ற அளவில் லெப்டின் ரத்தத்தில் ஓடும். லெப்டின் சுரக்க முடியாத ஒருவகை எலிகள் இருக்கின்றன. அவை தின்று தின்று உருண்டு போகும், ஆனால் குட்டி போடாது. கொழுப்பு மூட்டையாக இருந்தும், "இருக்கிறது" என்று சொல்ல ஆளில்லாததால் மூளை அதைப் பட்டினி என்றே எடுத்துக்கொள்கிறது. லெப்டினை ஊசியாகக் கொடுத்ததும் அவை இனவிருத்திக்குத் திரும்பின. சதையும் கொழுப்பும் இருந்தால் மட்டும் போதாது, அந்தச் செய்தி மூளைக்கு எட்ட வேண்டும் என்று இது காட்டியது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஜி.என்.ஆர்.எச். நரம்பணுக்களுக்கு லெப்டினை நேரடியாகப் படிக்கத் தெரியாது. நடுவே சேதி சொல்கிறவர்கள் வேண்டும். அவர்களில் முக்கியமானது கிஸ்பெப்டின். 1996-இல் புற்றுநோய் ஆய்வில் தற்செயலாக அகப்பட்ட மரபணு அது. ஆய்வுக்கூடம் இருந்த அமெரிக்காவின் ஹெர்ஷி ஊரில் செய்யப்படும் 'கிஸ்' சாக்லேட்டை வைத்துப் பெயர் வந்தது. 2003-இல்தான், இந்தச் செய்தியை வாங்கும் ஏற்பி பழுதான மனிதர்கள் பூப்படைவதே இல்லை என்று இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தன. அதன் பிறகு ஆடு, மாடு, எலி என எதில் பார்த்தாலும் பருவத்தின் சாவி கிஸ்பெப்டினிடமே இருந்தது. கொழுப்பிலிருந்து லெப்டின், கணையத்திலிருந்து இன்சுலின், ரத்தத்தின் குளுக்கோஸ் அளவு ஆகியவை "சத்து இருக்கிறது" என்று சொன்னால் இந்தச் சேதிக்காரர்கள் ஜி.என்.ஆர்.எச்.சைத் தட்டி எழுப்புவார்கள். எதிர்ப்பக்கமும் ஆள் உண்டு. வயிறு காலியாக இருக்கும்போது இரைப்பையிலிருந்து கிளம்பும் கிரெலின், மூளையிலேயே பசியைத் தூண்டும் நியூரோபெப்டைட்-ஒய் இரண்டும் "இப்போது வேண்டாம், முதலில் தின்னட்டும்" என்று பிடித்து நிறுத்தும்.

பருவம் வராத இளங்கிடாரிகளை இரண்டு, மூன்று நாள் பட்டினி போட்டுப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. அந்தச் சில நாளிலேயே லெப்டின் சரிந்தது, எல்.எச். துடிப்பும் குறைந்தது. உடம்பு இளைத்து எலும்பு தெரிவதற்கு வெகு முன்னாலேயே மூளைக்குத் தெரிந்துவிடுகிறது.

வளர்ச்சிக்கும் இதற்கும் உள்ள தொடர்பையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கிடாரிக்கு அதுதான் விஷயம். பிட்யூட்டரி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிறது. அது ஈரலுக்குப் போய் ஐ.ஜி.எஃப்.-1 என்ற இன்னொரு ஹார்மோனை உண்டாக்க வைக்கும். எலும்பையும் சதையையும் வளர்ப்பதில் இந்த ஐ.ஜி.எஃப்.-1க்குப் பெரிய பங்கு உண்டு. சினைப்பையிலுள்ள கொப்புளங்களை எல்.எச்.சுக்குச் செவிசாய்க்க வைப்பதும் இதுதான். தீவனம் குறைந்த மாட்டில் வளர்ச்சி ஹார்மோன் குறையும் என்றுதானே நினைப்போம்? குறையாது, கூடும். ஆனால் ஈரல் அதன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடும், ஐ.ஜி.எஃப்.-1 இறங்கிவிடும். கூடின வளர்ச்சி ஹார்மோன் சேமித்து வைத்த கொழுப்பைக் கரைக்கிற வேலையைப் பார்க்கும். கறவைப் பசுவில் அந்தக் கொழுப்பு மடிக்குப் போகும். ஈன்ற பசு தன் உடம்பை உருக்கிக் கன்றுக்குப் பால் கொடுப்பது இப்படித்தான். வளர்ச்சிக்கும் பருவத்துக்கும் ஈரலிலிருந்து ஒரே சேதிதான் போகிறது, அதனால் ஒன்று நின்றால் மற்றதும் நிற்கிறது.

இப்போது உங்கள் பசு. ஒரு லிட்டர் பாலில் 45 முதல் 50 கிராம் வரை பால்சர்க்கரை இருக்கும். 12 லிட்டர் கறந்தபோது தினமும் அரைக் கிலோவுக்கு மேல் சர்க்கரை மடி வழியாக வெளியே போனது. அதற்கான குளுக்கோஸை ஈரல் தயாரித்தாக வேண்டும். ஈன்ற ஆறாவது வார வாக்கில் பால் உச்சத்துக்குப் போகும், ஆனால் மாடு வயிறார அதிகமாகத் தின்னும் காலம் பத்து வாரம் கழித்துத்தான் வரும். நடுவே விழுகிற பள்ளத்தை உடம்புக் கொழுப்பு நிரப்பும். நன்றாகத் தீவனம் தின்னும் மாடு இரண்டு, மூன்று மாதத்தில் பள்ளத்தைத் தாண்டிவிடும். 3 கிலோ தவிடும் புண்ணாக்கும் வைக்கோலும் வைத்து 9 லிட்டர் கறக்கிற மாடு நாலரை மாதமாகியும் தாண்டவில்லை. கறவை மாட்டுக்கு உடம்பைக் காக்க ஒன்றரைக் கிலோ அடர்தீவனம், அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்பது நாங்கள் சொல்லும் பொதுக் கணக்கு. 9 லிட்டருக்கு அது 5 கிலோ வரும். நல்ல பசுந்தீவனம் இருந்தால் கொஞ்சம் குறைக்கலாம். வரப்புப் புல்லை நம்பிக் குறைக்க முடியாது.

இன்னொன்று, உங்கள் தீவனத்தில் புரதம் புண்ணாக்கிலிருந்து வருகிறது, ஆனால் எரிசக்தி தரும் தானியம் சுத்தமாக இல்லை. மூளை எதிர்பார்க்கிற குளுக்கோஸும் இன்சுலினும் முக்கியமாகத் தானியத்திலிருந்தும் நல்ல பச்சைப்புல்லிலிருந்தும் வர வேண்டும். சினை நிற்கவில்லை என்றதும் புண்ணாக்கை இரட்டிப்பாக்குகிறவர்கள் உண்டு. தானியம் இல்லாமல் புண்ணாக்கை மட்டும் கூட்டினால் ரத்தத்தில் யூரியா ஏறி, பிடித்த கருவும் தங்காமல் போக வாய்ப்பிருக்கிறது.

வீட்டிலேயே கலக்க ஒரு கணக்கு: நூறு கிலோவுக்கு மக்காச்சோளம் (அல்லது கம்பு, சோளம்) 37, புண்ணாக்கு 28, தவிடு 32, தாது உப்புக் கலவை 2, சாதாரண உப்பு 1. தானியத்தை ரவை மாதிரி உடைத்துச் சேருங்கள். பசுவுக்கு இப்போது கொடுக்கிற 3 கிலோவுக்குப் பதில் இதில் 3 கிலோவில் தொடங்கி, நாலைந்து நாளுக்கு அரைக் கிலோ வீதம் ஏற்றி 5 கிலோவுக்குப் போங்கள். அவசரப்பட வேண்டாம். சத்து ஏறட்டும் என்று ரேஷன் அரிசிச் சோறும் கஞ்சியும் குண்டான் குண்டானாக வைத்து, வயிற்றில் அமிலம் ஏறி மறுநாளே படுத்துவிட்ட மாடுகளை ஒவ்வொரு பொங்கலுக்கும் பார்க்கிறேன். சிலவற்றைக் காப்பாற்ற முடியவில்லை. சோறு வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் வசதி இருந்தால் பத்து சென்ட்டில் கம்பு நேப்பியர் கரணை நடுங்கள், ஓரத்தில் வேலிமசாலும் அகத்தியும் போடுங்கள். இரண்டு மாட்டுக்கும் பச்சையில் பெரும்பங்கு அதிலிருந்தே கிடைத்துவிடும். வெறும் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான், மாட்டுக்குத் தேவையான தாது உப்பும் குறைவு.

கன்று விஷயம். நாலரை மாதக் கன்று இன்னும் ஊட்டிக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு தடை. கன்று மடியை முட்டும்போது, அதைத் தாய் பார்த்து, மோந்து, தன் கன்று என்று அறியும்போது, மூளையில் சில ரசாயனங்கள் சுரந்து எல்.எச். துடிப்பை அடக்குகின்றன. வற்றிய மாட்டில் இந்த அடக்கம் இன்னும் கடுமையாக இருக்கும். கன்று இப்போது புல்லும் கன்றுத் தீவனமும் தின்னும் வயதுதான். ஊட்டுவதை நிறுத்தி, தாய் கண்ணில் படாத இடத்தில் கட்டுங்கள். கன்று இல்லாமல் பால் இறக்காது என்றால், கறக்கிற இரண்டு வேளை மட்டும் அவிழ்த்துவிட்டு உடனே பிடித்துக் கட்டுங்கள்.

கிடாரிக்கு வருகிறேன். நீங்கள் டேப் வைத்து அளந்து எழுதியது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, நூறு கடிதத்தில் ஒன்றில்கூட அது வருவதில்லை. நெஞ்சுச் சுற்றை அதே எண்ணால் பெருக்கி, உடல் நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ வரும். நீளம் என்றால் தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு முனை வரை. 52 × 52 × 43 ÷ 660 = ஏறத்தாழ 176 கிலோ. வளர்ந்த ஜெர்சி கலப்பினப் பசு 370 கிலோ என்று வைத்துக்கொண்டால், சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட அதில் நூற்றுக்கு அறுபது பங்காவது, அதாவது 220 கிலோவாவது இருக்க வேண்டும். உங்கள் கிடாரிக்கு வயது வந்துவிட்டது, உடம்பு வரவில்லை. மூளை பார்ப்பது உடம்பைத்தான். கன்றாக 4 முதல் 8 மாதம் வரை இருந்தபோது நன்றாகத் தின்ற கிடாரிகள் சீக்கிரம் பருவத்துக்கு வருகின்றன என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அந்தக் காலம் போய்விட்டது, பரவாயில்லை, இப்போதும் பிடிக்கலாம். முதலில் குடற்புழு நீக்க மருந்து. அப்புறம் அதே கலவைத் தீவனத்தை அரைக் கிலோவில் தொடங்கி இரண்டு கிலோ வரை, பச்சைப்புல் வயிறு நிறைய. நாளைக்கு 450 கிராம் எடை ஏறினால் குறைந்த 45 கிலோ நூறு நாளில் வந்துவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அளந்து நாட்காட்டியில் குறித்து வையுங்கள். இருக்கிற காளைக்கன்றுக்கு அடுத்து ஒரு கிடாரிக்கன்று பிறந்தால், அதற்கு நாலாம் மாதத்திலிருந்தே இதைச் செய்யுங்கள். அதற்காகத் தீவனத்தைத் திணித்துக் கொழுக்க வைக்கவும் கூடாது. பருவத்துக்கு முன் கொழுத்த கிடாரியின் மடியில் பால் திசுவுக்குப் பதில் கொழுப்பு உட்கார்ந்துவிடும்.

போட்ட ஊசிகள் ஏன் பலிக்கவில்லை? மருந்துச் சீட்டு இல்லாததால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் போடுவது புராஸ்டாகிளாண்டின். அது சினைப்பையில் கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் கட்டி இருந்தால்தான் வேலை செய்யும், அதைக் கரைத்துப் பருவத்தைக் கொண்டுவரும். பருவமே சுற்றாத, அதாவது பருவச் சுழற்சி நடக்காத மாட்டில் அந்தக் கட்டி இருக்காது, கரைக்கவும் ஒன்றுமில்லை. மலக்குடலில் கைவிட்டுப் பார்த்தால் இது தெரிந்துவிடும். சுற்றுகிற மாட்டின் சினைப்பையில் கட்டி, பாட்டில் கார்க் மாதிரி விரலில் தட்டும். சுற்றாத மாட்டில் சினைப்பை மொச்சைக் கொட்டை போலச் சின்னதாக, வழவழவென்று இருக்கும். நான் வேலையில் சேர்ந்த புதிதில் அவசரத்தில் கைவிட்டுப் பார்க்காமல் ஊசி போட்டிருக்கிறேன். அதில் ஒரு மாடு ஏற்கெனவே சினையாக இருந்தது, கரு கலைந்துவிட்டது. அன்றிலிருந்து தொட்டுப் பார்க்காமல் போட்டதில்லை. நீங்களும் கேளுங்கள்: "டாக்டர், கை போட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள்."

ஒருவேளை உங்கள் பசு சுற்றிக்கொண்டுதான் இருக்கிறதோ, ஊமைப் பருவமோ என்பதும் அந்தப் பரிசோதனையில் தெரியும். ஈன்ற பிறகு வரும் முதல் பருவம் பெரும்பாலும் கத்தாமலேயே போய்விடும். விடியற்காலை ஐந்து மணிக்கும் இரவு படுக்கப்போகும் முன்பும் வாலடியைப் பாருங்கள், கண்ணாடி போலச் சளி ஒட்டியிருக்கிறதா என்று.

நிஜமாகவே சுற்றவில்லை என்றால், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கசியவிடும் சாதனத்தை ஏழு எட்டு நாள் பிறப்புறுப்புக்குள் வைத்து எடுத்து, பிறகு சினை ஊசி போடும் முறை நல்ல பலன் தரும். அதையும் மாடு எடை ஏறத் தொடங்கிய பிறகு செய்தால்தான் கரு நிற்கும். தீவனம் மாற்றிய அடுத்த வாரமே பருவத்தை எதிர்பார்க்காதீர்கள். இன்று விழிக்கிற ஒரு சின்னக் கொப்புளம் முட்டை விடும் அளவுக்கு வளர இரண்டு, மூன்று மாதம் பிடிக்கும். பசுவின் இடுப்பெலும்பையும் வால் அடிக்குழியையும் இன்றே செல்போனில் படம் எடுத்து வையுங்கள், மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று எடுங்கள். குழி நிரம்ப ஆரம்பித்தால் நாம் சரியான பாதையில் இருக்கிறோம்.

அடுத்த முறை பசு சினைப்பட்டதும், ஏழாம் மாதத்திலிருந்து ஒன்றரைக் கிலோ அடர்தீவனம் கூடுதலாகக் கொடுங்கள், இரண்டு மாதம் பால் வற்றவிடுங்கள். ஈனும்போது விலா லேசாகத் தெரிய வேண்டும், முதுகு மேடு தட்டக் கூடாது. மிகவும் கொழுத்து ஈன்றால் பசி குறைந்து தீவனத்தையே ஒதுக்கும், அப்போது பள்ளம் இன்னும் ஆழமாகும்.

இப்போதைக்கு ஒரே ஒரு வேலை. இந்த வாரம் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் இரண்டையும் சினைப் பரிசோதனை செய்துவிடுங்கள், சாணியும் கொடுத்துப் புழு இருக்கிறதா என்று பாருங்கள். கிடாரியின் டேப் அளவு 56, 47 என்று வரும்போது மறுபடி எழுதுங்கள். அது கிட்டத்தட்ட 223 கிலோ. அப்போதும் கத்தவில்லை என்றால் ஊசியைப் பற்றிப் பேசலாம்.